கத்தரிக்கு அரைப் பிடி உப்பு

ஷார்ஜா
25-8-2024

சனோபர் அத்தாவுக்கு, ஜரீனா எழுதுவது. ஸலாம்.

நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன் என்று போனிலேயே சொல்லிவிட்டாளே, பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். என் பட்டன் போன் இங்கே ஒன்றுக்கும் ஆகவில்லை. நம் மகள் சனோபரின் போனில்தான் பேச வேண்டியிருக்கிறது. சனோபருக்கு பிரஷர் ஏறக் கூடாது, பிரசவம் வரை படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவள் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு உங்களோடு எப்படிச் சண்டை போடுவது? நம் சண்டையோ பாதியில் நிற்கிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். மாப்பிள்ளை அஷ்ரப்பின் சிநேகிதர்கள் யாராவது கோட்டக்குப்பத்துக்குப் போய் வந்துகொண்டே இருக்கிறார்கள். வழியில் கூனிமேட்டில் இறங்கி வீட்டில் கொடுத்துவிடுவார்கள். நீங்களும் அவர்களிடமே கொடுத்தனுப்புங்கள்.

நமக்கு இது புதிதா என்ன? இருபது வருடத்துக்கு மேல் நீங்கள் இந்த ஊரில், நான் கூனிமேட்டில். நான் பக்கம் பக்கமாக எழுதுவேன். நீங்கள் "பணம் அனுப்பியிருக்கிறேன், உடம்பைப் பார்த்துக்கொள்" என்று இரண்டு வரி எழுதுவீர்கள். இப்போது இடம் மாறியாயிற்று. இந்தத் தடவையாவது நாலு வரி எழுதுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் கிளம்பின அன்று காலையில் மேஸ்திரி சகாயராஜைக் கூட்டிவந்து என் தோட்டத்தின் நடுவே சுண்ணாம்புக் கோடு போட வைத்தீர்களே, அது என் கண்ணை விட்டுப் போகவில்லை. கத்தரிப் பாத்தியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. ஈசிஆரில் வருகிற டூரிஸ்ட்டுகளுக்கு இரண்டு ரூம் கட்டி வாடகைக்கு விட வேண்டுமாம். வண்டியில் ஏறும்போது சொன்னதையே மறுபடி சொல்கிறேன். நான் திரும்பி வருகிற வரை ஒரு செடி சாகக் கூடாது, ஒரு செங்கல் இறங்கக் கூடாது. வந்து பேசித் தீர்த்துக்கொள்வோம்.

வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் விடுங்கள். புடலை வளையாமல் இருக்க நுனியில் கல் கட்டுங்கள். அடுத்த வீட்டு ராசம்மாளின் ஆடு வேலியில் தலையை நுழைத்துக்கொண்டு நிற்கும். அதற்கு முகம் கொடுக்காதீர்கள்.

தினமும் ஓட்டல் புரோட்டா வேண்டாம்.

ஜரீனா


கூனிமேடு
12-9-2024

ஜரீனாவுக்கு, ஸலாம்.

நாலு வரி கேட்டாய். நாலு பக்கம் எழுதும் அளவுக்கு உன் தோட்டம் என்னைப் படுத்துகிறது.

புடலைக்குக் கட்டக் கல் தேடினேன். ஒன்று பெரிது, ஒன்று சின்னது, சரிப்படவில்லை. என் டூல் பெட்டியில் பழைய நட்டுகள் கிடந்தன. அவற்றைச் சணலில் கோத்துக் கட்டிவிட்டேன். எல்லாம் ஒரே எடை. காய்கள் ரூல்தடி வைத்துக் கோடு கிழித்த மாதிரி இறங்குகின்றன. ராசம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "இன்னாண்ணே, காய்க்குப் போய் இரும்பு மாட்டி வுட்டுக்கீறீங்க? துரு புடிச்சிக்காதா?" என்று கேட்டுச் சிரிக்கிறாள்.

வெண்டையில் மாவு அப்பினது போல வெள்ளைப் பூச்சி. பழைய டூத் பிரஷை சோப்புத் தண்ணீரில் முக்கி இலை இலையாகத் தேய்த்தேன். இரண்டு நாள் அதிலேயே போயிற்று. மூன்றாம் நாள் பார்த்தால் பழையபடி வந்து உட்கார்ந்திருக்கிறது. மிளகாய் இலைகள் சுருட்டிக்கொண்டுவிட்டன. ஆடும் ஒரு நாள் உள்ளே வந்து அவரைக் கொடியில் பாதியைத் தின்றுவிட்டது. நான் முகம் கொடுக்கவில்லை, சத்தியமாக. அஸர் தொழப் போயிருந்தேன்.

தக்காளி பழுத்திருக்கிறது. முதல் பழத்தை அணில் தின்றது. இரண்டாவதை நான் தின்றேன், அங்கேயே நின்றுகொண்டு, கழுவாமல்கூட. இத்தனை வருடம் நான் தின்றதெல்லாம் தக்காளியே இல்லை போலிருக்கிறது.

கவலை கத்தரியைப் பற்றித்தான். இலை வெளிறிக் கிடக்கிறது. வளர மாட்டேன் என்கிறது. என்ன செய்வது என்று எழுது.

சகாயராஜ் வந்தான். "பாய், லேட் பண்ணாதீங்க, கம்பி விலை ஏறப்போவுது" என்றான். பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. ரூம் கட்ட ஆசைப்படுவது வாடகைக்காக இல்லை. ஊரோடு வந்து ஒன்றரை வருடம் ஆகப்போகிறது. இந்த வீட்டில் எல்லாம் நீ வைத்தது, நீ நட்டது. எதைத் தொட்டாலும் "அதைத் தொடாதீங்க" என்கிறாய். ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நிற்கிற ஆள் மாதிரி நிற்கிறேன். எனக்கென்று ஒன்று கட்டலாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

ஹபீப் முஹம்மது


ஷார்ஜா
22-9-2024

சனோபர் அத்தாவுக்கு, ஸலாம்.

டூத் பிரஷ் விஷயத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் சனோபர் விழித்துக்கொண்டாள். "அத்தா அப்படி இன்னாம்மா எழுதியிருக்காரு?" என்று கேட்கிறாள். பூச்சிக்கு மருந்து கேட்டிருக்கிறார் என்றேன். அவள் நம்பவில்லை. நாம் இந்த வயதில் காதல் கடிதம் எழுதிக்கொள்கிறோம் என்று மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாள். அவரும் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறார். மானம் போகிறது.

சோப்புத் தண்ணீரில் கொஞ்சம் வேப்பெண்ணெய் கலந்து இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள். பிரஷை வைத்து உங்கள் பல்லைத் தேயுங்கள். மிளகாய்க்குப் புளித்த மோர் தெளிக்கலாம். இலை வெளிறியிருக்கிறது என்றால் கத்தரிக்குச் சத்துப் போதவில்லை. அதற்கு உப்பு வைக்க வேண்டும். கொட்டகையில் மூட்டையில் இருக்கிறது. செடிக்கு அரைப் பிடி. தண்டில் படாமல் சுற்றிலும் வைத்து, மண்ணை மூடி, உடனே தண்ணீர் விடுங்கள். ஒரு வாரத்தில் பச்சை கட்டிவிடும். பத்து நாள் கழித்துத் தேவையானால் இன்னொரு தடவை வைக்கலாம்.

நீங்கள் கடைசியில் எழுதியிருப்பதை இரண்டு தடவை படித்தேன். "தொடாதீங்க" என்று நான் சொன்னது உண்மைதான். கொத்தமல்லி முளையைப் புல் என்று பிடுங்கிப் போட்டீர்களே, அதற்குப் பிறகு சொன்னது. எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. நீங்கள் இல்லாத வருடங்களில், பேச ஆள் இல்லாதபோதெல்லாம் நான் போய் உட்கார்ந்த இடம் அந்தத் தோட்டம்தான். வெண்டைச் செடியிடம் உங்களைப் பற்றிக் குறை சொல்லியிருக்கிறேன். அதன் மேல் கட்டில் போட்டு யாரோ ஊர் பேர் தெரியாதவர்களைப் படுக்க வைப்பேன் என்று நீங்கள் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்?

ஜரீனா


கூனிமேடு
6-10-2024

ஜரீனாவுக்கு, ஸலாம்.

நீ சொன்னபடியே எல்லாம் செய்தாயிற்று. வேப்பெண்ணெய்க்குப் பூச்சி அடங்கிவிட்டது. அந்த வெற்றியில் இரண்டு நாள் தெருவில் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன்.

உப்பும் வைத்தேன். கண்ணாயிரம் வருடா வருடம் தன் உப்பளத்திலிருந்து கொண்டுவந்து போடுகிற மூட்டை கொட்டகையில் இருந்தது. நல்ல கல் உப்பு. அரைப் பிடி என்று எழுதியிருந்தாய். உன் கையின் அரைப் பிடியா, என் கையின் அரைப் பிடியா என்று தெரியவில்லை. குறைந்துவிடக் கூடாது என்று முழுப் பிடியாகவே வைத்தேன். தென்னங்கன்று வைக்கும்போது குழியில் உப்புப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். கத்தரிக்கும் உண்டு என்பது புது விஷயம். கத்தரிக்கு மட்டும் வைத்துவிட்டு மற்றதற்கெல்லாம் ஓரவஞ்சனை செய்வானேன் என்று தக்காளிக்கும் வெண்டைக்கும் மிளகாய்க்கும்கூட வைத்தேன்.

ஒரு வாரம் ஆகியும் பச்சை கட்டவில்லை. இலை ஓரங்கள் பழுத்துக் கருகுகிற மாதிரி இருக்கின்றன. பத்து நாள் கழித்து இன்னொரு தடவை வைக்கலாம் என்று எழுதியிருந்தாயே, அதன்படி நேற்று இன்னொரு பிடி வைத்திருக்கிறேன். இன்ஷா அல்லாஹ், நீ வரும்போது தோட்டம் பார்க்கிற மாதிரி இருக்கும்.

ஹபீப் முஹம்மது


ஷார்ஜா
9-10-2024

ஸலாம் சொல்லாமல் கடிதம் எழுதக் கூடாது என்பதால் சொல்கிறேன்.

இன்று காலையில் ராசம்மாள் சனோபரின் உடம்பை விசாரிக்கப் போன் செய்தாள். பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "உங்க வூட்டுக்காரரு உப்பு மூட்டையப் பிரிச்சி செடிக்கெல்லாம் அள்ளி அள்ளி போட்டாரு அக்கா. கத்திரி, தக்காளி எல்லாம் கருகிப் போயி கெடக்குது. பாக்கவே வயிறு எரியுது." பக்கத்தில் மகள் படுத்திருக்கிறாள். நான் சிரித்த முகத்தோடு "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொண்டேன். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ரூம் கட்ட வேண்டுமென்றால் நேராகச் சொல்லிக் கட்டியிருக்கலாம். செடி சாகக் கூடாது என்று நான் சொன்னதற்கு, செடியைச் சாகடித்துவிட்டு "இனி அங்கே என்ன இருக்கிறது" என்று கேட்கப் பார்க்கிறீர்கள். தெரியாமல் செய்தேன் என்று சொல்லாதீர்கள். கடல் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்துக் குடிதண்ணீர் ஆக்குகிற ஆலையில் பைப் ஃபிட்டராக இத்தனை வருடம் இருந்தவர் நீங்கள். உப்பு என்ன செய்யும் என்று கூனிமேட்டில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் உங்களுக்குத் தெரியும்.

சனோபர் என்னை இங்கேயே இருந்துவிடச் சொல்கிறாள். விசாவுக்கு மாப்பிள்ளை ஏற்பாடு செய்கிறாராம். இதுவரை முடியாது, அத்தா தனியாக இருப்பார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இனி அப்படிச் சொல்ல என்ன இருக்கிறது? தோட்டம் இல்லாத அந்த வீட்டுக்கு நான் எதற்கு வர வேண்டும்? கட்டிக்கொள்ளுங்கள் உங்கள் ரூமை.

ஜரீனா


கூனிமேடு
20-10-2024

ஜரீனாவுக்கு, ஸலாம்.

உன் கோபக் கடிதம் வந்தது. என் ஆறாம் தேதிக் கடிதமும் அதுவும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கும்.

உன் செப்டம்பர்க் கடிதத்தை எதிரில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். "அதற்கு உப்பு வைக்க வேண்டும். கொட்டகையில் மூட்டையில் இருக்கிறது. செடிக்கு அரைப் பிடி." இது உன் கையெழுத்துதானே? நீ உப்பு என்றாய். நான் உப்பு மூட்டையைத் திறந்தேன். இதில் என் சூது எங்கே இருக்கிறது?

எனக்கும் சந்தேகம் வராமல் இல்லை. கடல் தண்ணீர் பட்ட இடத்தில் எது முளைக்கும், எது முளைக்காது என்று எனக்குத் தெரியாதா? மூட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தபடி நின்றேன். ஆனால் இந்தத் தோட்டத்தில் என் புத்தியால் எதைச் செய்தாலும் உன்னிடம் திட்டுதான் வாங்கியிருக்கிறேன். இந்தத் தடவையாவது நீ சொன்னதை அப்படியே செய்வோம் என்று என் புத்தியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுச் செய்தேன். இத்தனை வருடத்தில் உன் பேச்சை முழுசாகக் கேட்டது இந்த ஒரு தடவைதான். அதற்கு இந்தப் பலன்.

கத்தரி முழுவதும் போய்விட்டது. தக்காளியும் மிளகாயும் போய்விட்டன. வெண்டையில் இரண்டு செடி நிற்கின்றன, நிற்கின்றன என்று சொல்லலாம், அவ்வளவுதான். நட்டு மாட்டின புடலை மட்டும் தப்பித்தது, அதற்கு நான் உப்பு வைக்கவில்லை. காலையில் வாளியை எடுத்துக்கொண்டு போகிறேன். எதற்குத் தண்ணீர் விடுவது என்று தெரியாமல் திரும்பி வருகிறேன்.

அங்கேயே இருப்பது உன் இஷ்டம். நான் உன்னைத் தனியாக விட்டுவிட்டு அந்த ஊரில் இருந்தவன். வா என்று கட்டாயப்படுத்த எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நான் வேண்டுமென்று செய்தேன் என்று மட்டும் நினைக்காதே. அதை என்னால் தாங்க முடியாது.

ஹபீப் முஹம்மது


ஷார்ஜா
1-11-2024

என்னங்க, ஸலாம்.

தலையில் அடித்துக்கொண்டேன். உங்கள் தலையில் இல்லை, என் தலையில்.

நான் எழுதின உப்பு யூரியா. எங்கள் ஊர் முருக்கேரிப் பக்கம் வயல்காட்டில் யூரியாவுக்கு உப்பு என்றுதான் பேர். எங்கள் அத்தா "நாளைக்கி நெல்லுக்கு உப்பு வக்கணும்" என்றால் யூரியா மூட்டை வண்டியில் ஏறும். சாப்பாட்டு உப்பைச் செடிக்கு வைக்கச் சொல்வார்கள் என்று யாராவது நினைப்பார்களா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. கண்ணாயிரத்தின் மூட்டைக்குப் பின்னாலேயே சின்ன மூட்டை ஒன்று இருக்கும், மேலே யூரியா என்று அச்சடித்திருக்கும். அதைத்தான் சொன்னேன். ஆனால் உப்பு என்று எழுதினவள் நான். யூரியா என்று போட்ட மூட்டையை நீங்கள் எதற்குத் திறப்பீர்கள்?

பிறகு இன்னொன்று தோன்றியது. அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் செடிக்கு உப்பு வைக்கிறேன் என்று கூனிமேட்டில் எத்தனையோ தடவை சொல்லியிருப்பேன். கேட்க நீங்கள் இல்லை. கூடவே இருந்திருந்தால் கல்யாணமான வருடமே என் பாஷை உங்களுக்குப் பழகியிருக்கும். வேண்டுமென்று செய்தீர்கள் என்று நினைத்ததற்கு என்னை மன்னித்துவிடுங்கள்.

இந்த இடத்தில் கடிதத்தை முடித்திருப்பேன். நேற்று தீபாவளிக்கு ராசம்மாளுக்குப் போன் செய்தோம். "அண்ணன் அந்தக் கோடு போட்ட எடத்துல பள்ளம் தோண்டிக்கினு இருக்காரு. ரூமுக்குக் கடைக்கால்னு நெனைக்கிறேன்" என்கிறாள். உப்பு தெரியாமல் போட்டீர்கள், ஒப்புக்கொள்கிறேன். மண்வெட்டியும் தெரியாமலா எடுத்தீர்கள்? இதற்கு ஒரு பதில் எழுதுங்கள். நல்ல பதிலாக எழுதுங்கள்.

ஜரீனா


கூனிமேடு
15-11-2024

ஜரீனாவுக்கு, ஸலாம்.

ராசம்மாளுக்கு வேலிக்கு மேலே தலை தெரிகிற உயரத்தை அல்லாஹ் எதற்குக் கொடுத்தானோ தெரியவில்லை.

பள்ளம் தோண்டினேன். கோடு போட்ட இடத்தில்தான் தோண்டினேன். கடைக்கால் இல்லை. மண்ணில் ஏறின உப்பை எப்படி வெளியே எடுப்பது என்று யோசித்தேன். தோட்டத்தைப் பற்றித்தான் எனக்கு ஒன்றும் தெரியாது. உப்பைப் பற்றித் தெரியும். நல்ல தண்ணீரைப் பாத்தி நிறைய நிறுத்த வேண்டும். அது உப்பைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கும். இறங்கின தண்ணீர் வடிந்து வெளியே போக வழி வேண்டும். வழி இல்லாவிட்டால் உப்பு அங்கேயேதான் சுற்றும். சகாயராஜ் நூல் பிடித்துப் போட்ட கோடு நேராகத் தெருக் கால்வாய்ப் பக்கம் போகிறது. தண்ணீர் ஓடுகிற வாட்டமும் சரியாக இருந்தது. அதனால் அந்தக் கோட்டிலேயே வெட்டினேன். அவனுக்கு மட்டும் இதைச் சொல்லிவிடாதே.

நம் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போதுதான் தெரிகிறது. காலையில் மோட்டாரைப் போட்டுப் பாத்தியை நிரப்புகிறேன். மாலையில் பள்ளத்தில் வடிந்த தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். முதல் நாள் காறித் துப்பினேன். இப்போது கரிப்பு குறைந்திருக்கிறது, ஆனால் போகவில்லை. ஒரு நாள் கண்ணாயிரம் அதைப் பார்த்துவிட்டான். "இன்னா பாய் இது? நாங்க தண்ணிய காய வச்சி உப்பு எடுப்போம். நீங்க உப்புல தண்ணிய ஊத்தி நக்கிப் பாக்குறீங்க" என்றான். விஷயத்தைச் சொன்னதும் வரப்பில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். பிறகு எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எனக்குக் கரை அணைத்துக் கொடுத்தான்.

மன்னிப்பெல்லாம் எதற்கு? நீ "என்னங்க" என்று எழுதியிருந்தாய். அது போதும்.

உன் பாஷையில் இன்னும் என்னென்ன வார்த்தைகள் இருக்கின்றன என்று முன்கூட்டியே எழுதிவிடு. முருங்கையை மொட்டை அடிக்க வேண்டும் என்று நீ சொன்ன ஞாபகம். அதற்கு அர்த்தம் என்ன என்று தெரியாமல் நான் அரிவாளைத் தொடப் போவதில்லை.

ஹபீப் முஹம்மது


கூனிமேடு
8-12-2024

ஜரீனாவுக்கு, ஸலாம்.

பேத்தி பிறந்த சந்தோஷத்தைப் போனில் சொல்லியாயிற்று. உங்களுக்குக் கவலை வேண்டாம் என்று புயலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

காற்று நம் பக்கமே கரையேறிவிட்டது. மழை நாள் முழுவதும் விடவில்லை. ஊரில் தாழ்வான தெருக்களில் இடுப்பளவு தண்ணீர். மரக்காணம் உப்பளமெல்லாம் ஏரியாகிக் கிடக்கிறது. எது பாத்தி, எது வரப்பு என்று கண்ணாயிரத்துக்கே தெரியவில்லை. "கையில இருந்த உப்பும் கரைஞ்சி போச்சி பாய். உங்க வூட்டு மூட்டைதான் மிச்சம்னு பாத்தா, அதையும் கத்திரிக்குப் போட்டுட்டீங்க" என்கிறான். அந்தக் கஷ்டத்திலும் அவனால் அப்படிப் பேச முடிகிறது. மூட்டையில் மிச்சமிருந்ததை அவன் வீட்டுச் சமையலுக்குக் கொடுத்தேன். அவன் உப்பை அவனுக்கே கொடுத்தேன்.

முருங்கை சாய்ந்துவிட்டது. மொட்டை அடிக்கிற வேலை மிச்சம். புடலைப் பந்தல் விழுந்து நட்டெல்லாம் சேற்றுக்குள் போய்விட்டன, தேடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் கேள். தெருவில் எல்லார் கொல்லையிலும் தண்ணீர் தேங்கி நிற்கிறது. நம் தோட்டத்தில் மட்டும் நிற்கவில்லை. வந்ததையெல்லாம் அந்தப் பள்ளம் வாங்கி வெளியே தள்ளிவிட்டது. மழை விட்டதும் முதல் வேலையாகப் போய்ப் பள்ளத்துத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரிக்கவே இல்லை, ஜரீனா. வெறும் மண் வாசனைதான். நான் ஒரு மாதமாக மோட்டார் போட்டுச் செய்ய முடியாததை அல்லாஹ் ஒரு மழையில் செய்துவிட்டான். அங்கேயே சேற்றில் நின்று அழுதேன். ராசம்மாள் பார்த்திருப்பாள், நீயும் கேள்விப்பட்டிருப்பாய்.

மண் கொஞ்சம் ஆறட்டும். கத்தரி நாற்று வாங்கி நடப்போகிறேன். உன்னைக் கேட்காமல் செய்கிறேன். திட்டுவதாக இருந்தால் வந்து திட்டு.

ஹபீப் முஹம்மது


ஷார்ஜா
28-12-2024

என்னங்க, ஸலாம்.

உங்கள் இரண்டு கடிதங்களும் ஒரே ஆளிடம் ஒன்றாக வந்தன. பள்ளத்துக்கு நல்ல பதில்தான் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அழுததை ராசம்மாள் சொல்லவில்லை. அவளுக்கும் சிலதைச் சொல்லக் கூடாது என்று தெரிந்திருக்கிறது. கண்ணாயிரம் வீட்டுக்கு அரிசி, பருப்பு ஏதாவது வேண்டுமா என்று கேட்டுக் கொடுங்கள்.

பேத்திக்கு உங்கள் மூக்கு. பாவம், பெண் பிள்ளை.

போன வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை என்னைக் காரில் கூட்டிப்போய் நீங்கள் வேலை செய்த ஆலையைக் காட்டினார். உள்ளே விட மாட்டார்கள். ரோட்டில் நின்று பார்த்தேன். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் புகைபோக்கி, நடுவில் குழாய் குழாயாக ஓடுகிறது. ஒரு செடி கிடையாது, ஒரு நிழல் கிடையாது. நீங்கள் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதினதில்லையே. "பணம் அனுப்பியிருக்கிறேன், உடம்பைப் பார்த்துக்கொள்" என்று மட்டும்தானே எழுதினீர்கள். ஊரில் தக்காளிச் செடி காய்த்த கதையெல்லாம் நான் எழுதும்போது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

இங்கே பால்கனியில் ஒரு தொட்டியில் வெந்தயம் விதைத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் குழாயைத் திறந்து அதற்குத் தண்ணீர் பிடித்தேன். இந்தத் தண்ணீர் என் வீட்டுக்காரர் முடுக்கின குழாய் வழியாகத்தான் வருகிறது என்று நினைத்துக்கொண்டே ஊற்றினேன். கீரை நன்றாகத்தான் வந்திருக்கிறது.

ரூம் விஷயத்துக்கு ஒரு முடிவு சொல்கிறேன். எனக்கென்று ஒன்று வேண்டும் என்று எழுதினீர்களே, அது நியாயம்தான். கிணற்றுக்கு வடக்கே ஆடு தின்ற அவரைக் கொடி இருந்த இடம் காலியாகத்தான் கிடக்கும். அங்கே ஒரு ரூம் கட்டிக்கொள்ளுங்கள். ஒன்றுதான். சகாயராஜைக் கூப்பிட்டுக் கோடு போடச் சொல்லுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

சனோபர் விசாவை இன்னும் நீட்டிக்கலாம் என்கிறாள். நோன்பும் பெருநாளும் இங்கேயே இருந்துவிடலாம், பிறகு இங்கேயே இருந்துவிடலாம் என்கிறாள். பேத்தியைத் தூக்கி மடியில் போட்டுவிட்டுக் கேட்கிறாள், எப்படி இல்லை என்பது? நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அக்டோபரில் எழுதினது ரோஷத்தில் எழுதினது. இப்போது உங்களைக் கேட்கிறேன். என்ன சொல்லட்டும்?

ஜரீனா


கூனிமேடு
12-2-2025

ஜரீனாவுக்கு, ஸலாம்.

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் இருக்கிறது. கையில் ஒன்று இல்லாமல் எழுத வேண்டாம் என்று காத்திருந்தேன்.

முதலில் ரூம். நீ சொன்ன இடத்தில் கட்ட முடியாது. அங்கே நான் அவரை போட்டுப் பந்தலும் கட்டிவிட்டேன். பூ வைத்திருக்கிறது. பழைய ஜிஐ பைப்பில் போட்ட பந்தல், அடுத்த புயலுக்கு அசையாது. சகாயராஜ் வந்து பார்த்துவிட்டு, "இன்னா பாய், ரூம் கட்டச் சொன்னீங்க, தோட்டக்காரரா ஆயிட்டீங்க" என்றான். புயலில் விழுந்த புடலைப் பந்தலைத் தூக்கிக் கட்டியதில் மறுபடி காய்த்திருந்தது, அதில் ஒரு கூடை அவனுக்குக் கொடுத்து அனுப்பினேன். எனக்கென்று ஒன்று வேண்டும் என்று எழுதினேன் அல்லவா? அந்தப் பந்தல் என்னுடையது. நீ வந்தால் அதை மட்டும் தொடாதே.

கத்தரிக்கு உப்பு வைத்தேன். உன் உப்பு. அரைப் பிடி, உன் கையளவு. இலை பச்சை கட்டிற்று. நேற்று முதல் காய்களைப் பறித்தேன். ஊதா நிறத்தில், வெள்ளை வரி ஓடின காய்கள். ராசம்மாளிடம் கேட்டுக் கேட்டுக் குழம்பு வைத்தேன். புளி சரியாக இருந்தது, காரம் சரியாக இருந்தது. உப்பு மட்டும்தான் போடவில்லை. மறந்தேன் என்று சொல்ல மாட்டேன். உப்பு ஜாடியைக் கையில் எடுத்தேன், பழைய ஞாபகம் வந்துவிட்டது, அப்படியே வைத்துவிட்டேன். முழுக் குழம்பையும் உப்பில்லாமல்தான் சாப்பிட்டேன். இரண்டாம் தடவையும் போட்டுச் சாப்பிட்டேன்.

என்ன சொல்லட்டும் என்று கேட்டிருந்தாய். அந்தக் காலத்தில் நீ ஒவ்வொரு கடிதத்திலும் "எப்போது வருகிறீர்கள்" என்று கேட்பாய். நான் பதில் எழுதாமல் விட்டுவிடுவேன். அதைக் கேட்டுவிட்டுக் காத்திருப்பது எப்படிப்பட்டது என்று இப்போது தெரிகிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

எப்போது வருகிறாய்?

ஹபீப் முஹம்மது


ஷார்ஜா
17-2-2025

என்னங்க, ஸலாம்.

நோன்புக்கு முன்னால் வந்துவிடுகிறேன். டிக்கெட் போட்டாயிற்று. சனோபர் அழுதாள், பிறகு உங்கள் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "போம்மா, அத்தா பத்தியச் சாப்பாடு சாப்புடறாரு" என்று அவளே பெட்டியை எடுத்து வைத்தாள்.

கத்தரிக்காயைப் பறித்துவிடாமல் கொஞ்சம் செடியிலேயே விட்டு வையுங்கள். குழம்பை நீங்களே வையுங்கள், அடுப்புப் பக்கம் நான் வர மாட்டேன். உப்பு மட்டும் போட வேண்டாம். அதை நான் வந்து போடுகிறேன்.

ஜரீனா